டெங்குவைத் தடுக்கும் கொசு நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

முத்தியால்பேட்டையில் குடியிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரி இந்திரா நகரில் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில், அதாவது ஊரார் வி.சி.ஆர்.சி. என்று சொல்லும் நிறுவனத்தில், ஒரு பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்களை உருவாக்கியிருப்பதும் அவற்றைப் பறக்கவிட்டால் டெங்கு குறையும் என்பதும் உண்மைதானா என்பது முதல் கேள்வி. அவை மரபணு மாற்றப்பட்ட கொசுக்களா என்பது இரண்டாவது. கடிக்காத ஆண் கொசுவோடு நிற்காமல் கடிக்கும் பெண் கொசுவையும் விடுவது ஏன், அதனால் வீட்டுக் குழந்தைகளுக்குத் தீங்கு வராதா என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு விளக்கம் தேவை. ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஊரைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது அதுதான் என்பது என் கருத்து. அந்தக் கொசுவுக்குள் இருக்கும் பாக்டீரியா நம் கடற்கரையின் கோடையைத் தாங்குமா என்பதே அந்தக் கேள்வி.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் வோல்பாச்சியா. அமெரிக்க ஆய்வாளர்களான ஹெர்டிக், வோல்பாக் ஆகிய இருவரும் 1924-இல் கியூலெக்ஸ் இனக் கொசு ஒன்றின் உடலுக்குள் அதைக் கண்டார்கள். உலகிலுள்ள பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் இது குடியிருக்கிறது என்பது இன்றைய மதிப்பீடு. பூச்சியின் உயிரணுக்களுக்குள்தான் இதனால் வாழ முடியும். காற்றிலோ தண்ணீரிலோ தனியாகப் பிழைக்க முடியாது. தாய்ப்பூச்சி இடும் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி, இரவெல்லாம் காதருகே ரீங்கரிக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்குள் இது இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே, வோல்பாச்சியாவைச் சுமந்த கொசு நம்மைக் கடிப்பது புதிதாக நேரப்போகும் ஒன்றல்ல. நம் பாட்டனார் காலத்திலிருந்து ஒவ்வோர் இரவும் நடந்துவருவதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவிடமோ இது இயற்கையில் இல்லை. இல்லாத அந்த ஒன்றை அதற்குள் குடியேற்றுவதே இந்த ஆராய்ச்சியின் சாரம்.

குடியேற்றிய பிறகு இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொண்டால்தான் பெண் கொசுவை விடுவதன் காரணம் விளங்கும். முதலாவது இனப்பெருக்கத்தைச் சார்ந்தது. வோல்பாச்சியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் இடப்படும் முட்டைகள் பொரிப்பதில்லை. வோல்பாச்சியா உள்ள பெண்ணோ எந்த ஆணோடு சேர்ந்தாலும் அவளது முட்டைகள் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் அனைத்தும் வோல்பாச்சியாவோடு பிறக்கும். காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே இந்த விந்தை பயன்படுத்தப்பட்டுவிட்டது. பர்மாவில் ரங்கூனுக்கு அருகிலுள்ள ஒக்போ என்ற கிராமத்தில், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக் கூட்டத்தை, பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டு ஒழித்துக்காட்டியதாக லாவென் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1967-இல் வெளியிட்டார். பொருந்தாமைக்குக் காரணம் வோல்பாச்சியாதான் என்பது 1971-இல் தெரிந்தது. அதற்குப் பொறுப்பான மரபணுக்கள் எவை என்பதோ 2017-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

இரண்டாவது விளைவு, வோல்பாச்சியா உள்ள ஏடிஸ் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருக முடிவதில்லை என்பது. நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் குடலுக்குள் போகும் வைரஸ், அங்கிருந்து பரவி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் பிடிக்கும். அதன் பிறகே அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். வோல்பாச்சியா இருந்தால் இந்தப் பயணம் பெரும்பாலும் நடுவழியிலேயே தடைப்படுகிறது என்பதை 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்; சிக்குன்குனியா வைரஸிலும் அதே விளைவு தென்பட்டது. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான கொழுப்புப் பொருள்களை வோல்பாச்சியா தனக்கென எடுத்துக்கொள்கிறது என்றும், கொசுவின் நோயெதிர்ப்பை அது முன்கூட்டியே தூண்டிவிடுகிறது என்றும் இருவகை விளக்கங்கள் உள்ளன. இரண்டுக்கும் சான்றுகள் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்ற ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆண் கொசுக்களை மட்டும் விட்டால் ஊர்க் கொசுக்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் விடுவதை நிறுத்தியதும் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் கொசுக்கள் அந்த இடத்தை நிரப்பிவிடும். சிங்கப்பூர் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. அங்கே வாரந்தோறும் லட்சக்கணக்கில் ஆண் கொசுக்களை வளர்த்து விடுவதற்கான தொழிற்கூடமும் பணமும் உண்டு. பெண்ணையும் சேர்த்து விட்டால் நடப்பது வேறு. வோல்பாச்சியா உள்ள பெண்ணின் சந்ததி பெருகும், இல்லாத பெண்ணின் சந்ததி குறையும். ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டிவிட்டால் சில மாதங்களில் ஊரின் ஏடிஸ் கொசுக்களில் பெரும்பாலானவை வோல்பாச்சியா உள்ளவையாக மாறிவிடும், அதற்குப் பிறகு விட வேண்டியதில்லை. கொசு இருக்கும், கடிக்கும், ஆனால் டெங்குவை எளிதில் பரப்பாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்திட்டம் வந்தால் கொசுக்கடி ஒழியும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த ஏமாற்றம் திட்டத்தின்மீதே கோபமாகத் திரும்பக்கூடும்.

மரபணு மாற்றம் இதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. பழ ஈயிலிருந்தோ, ஆசியப் புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலிருந்தோ எடுத்த வோல்பாச்சியாவை, மிக நுண்ணிய ஊசியால் ஏடிஸ் எஜிப்தியின் முட்டைக்குள் செலுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான முட்டைகளில் ஒன்றிரண்டில்தான் அது நிலைத்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அந்த ஒன்றிலிருந்து வளர்ந்த வம்சமே உலகெங்கும் பயன்படுகிறது. கொசுவின் மரபணுவில் வெட்டுவதோ ஒட்டுவதோ கிடையாது.

பலன் உண்டா என்பதற்கு இதுவரை கிடைத்துள்ளவற்றுள் வலுவான சான்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலிருந்து வந்தது. அந்த நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் வோல்பாச்சியா கொசுக்களை விட்டார்கள். பிறகு காய்ச்சலோடு மருத்துவ நிலையங்களுக்கு வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். கொசு விட்ட பகுதிகளிலிருந்து வந்த 2,905 பேரில் 67 பேருக்கும், விடாத பகுதிகளிலிருந்து வந்த 3,401 பேரில் 318 பேருக்கும் டெங்கு உறுதியானது. கணக்கிட்டுப் பார்த்தால் 77 விழுக்காடு பாதுகாப்பு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை 86 விழுக்காடு குறைந்தது. 2021-இல் வெளிவந்த இந்த முடிவை நான் நம்புவதற்குக் காரணம் அந்த விழுக்காடு அல்ல. மருந்துகளைச் சோதிப்பதுபோல் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்த செய்முறைதான். கொசு ஒழிப்பில் அப்படிப்பட்ட சோதனை மிக அரிது. நாம் தெருத்தெருவாக அடிக்கும் புகை மருந்துக்கு இத்தகைய சான்று எதுவும் கிடையாது. ஆனால் எல்லா ஊரிலும் இதே பலன் கிடைக்கவில்லை. பிரேசிலின் நிட்டெராய் நகரில் டெங்கு 69 விழுக்காடு குறைந்தது. கோலாலம்பூரில் வேறு வகை வோல்பாச்சியாவைப் பயன்படுத்தியபோது குறைவு 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்று ஆராயும்போதுதான் புதுச்சேரியின் கதை முக்கியமாகிறது.

வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 10,000 முட்டைகளை வரவழைத்து இங்கே பொரிக்கவைத்தார்கள். வந்த கொசுக்களை அப்படியே பறக்கவிடவில்லை; அதன் பெண்களைப் புதுச்சேரியிலேயே பிடித்து வளர்த்த ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, உடலால் நம் ஊர்க் கொசுவாகவும் உள்ளே வோல்பாச்சியா உடையதாகவும் இருக்கும் இரண்டு வம்சங்களை உருவாக்கினார்கள். 2022 ஜூலையில் இச்செய்தி வெளியானது. இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்டால், ரியோ டி ஜெனிரோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே முதலில் விட்ட கொசுக்களுக்கு, வீடுகளில் அடிக்கும் பூச்சிமருந்தைத் தாங்கும் திறன் இல்லை. ஊர்க் கொசுக்களுக்கு அது இருந்தது. வாங்கிவந்த கொசுக்கள் மருந்தில் செத்துப்போக, ஊர்க் கொசுக்கள் பிழைத்துக்கொண்டன, முயற்சி தோற்றது. பிறகு தாங்கும் திறனுடைய கொசுக்களை உருவாக்கி விட்டபோதுதான் வெற்றி கிடைத்தது. மருந்துக்குப் பழகிப்போன நம் ஊர்க் கொசுவின் உடல்வாகு இவ்விடத்தில் ஒரு தகுதியாக மாறுகிறது.

இனி வெயில். புதுச்சேரியில் உருவான இரு வம்சங்களில் ஒன்று பழ ஈயிலிருந்து வந்த ‘மெல்’ வகை வோல்பாச்சியாவை உடையது. மற்றொன்று புலிக்கொசுவிலிருந்து வந்த ‘ஆல்ப்-பி’ வகையை உடையது. யோக்யகர்த்தாவில் வென்றது மெல் வகை. டெங்குவைத் தடுப்பதில் அது திறமையானது. கொசுவின் ஆயுளுக்கும் முட்டைக்கும் அதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் வெப்பம் அதற்கு ஆகாது. இரவில் 26 டிகிரியும் பகலில் 37 டிகிரியுமாக மாறிமாறி வரும் தண்ணீரில் கொசுப்புழுக்கள் வளர்ந்தால், அவற்றுக்குள் இருக்கும் மெல் வகை வோல்பாச்சியாவின் அளவு வெகுவாகச் சரிகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். அளவு சரிந்தால் இனப்பெருக்கத் தடையும் குறையும். தாயிடமிருந்து முட்டைக்குப் போவதும் தவறும். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை வெப்ப அலை தாக்கி, வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியபோது, பல ஆண்டுகளாக அங்கே நிலைத்திருந்த வோல்பாச்சியாவின் விகிதம் தடுமாறியது. வெப்பம் தணிந்தபின் மீண்டது. கெய்ன்ஸில் அது சில நாள் துன்பம். நம் ஊரில் கத்திரி வெயில் வாரக்கணக்கில் நீடிக்கிறது. மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட்டிலும் டயரிலும் தேங்கிய தண்ணீர் நிழலில் உள்ள காற்றைவிடச் சூடாகவே இருக்கும்.

இதைத்தான் வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். இரு புதுச்சேரி வம்சங்களின் புழுக்களையும் கடும் வெப்பச் சுழற்சியில் வளர்த்தபோது, மெல் வகை தளர்ந்தது. ஆல்ப்-பி வகை வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கிநின்றது. மற்ற நாடுகளில் வெற்றிகண்ட வகையையே கண்ணை மூடிக்கொண்டு இங்கே கொண்டுவரக் கூடாது என்பதை இந்த ஊர் ஆய்வுக்கூடமே எடுத்துக்காட்டியது எனக்குப் பெருமிதம் தருகிறது.

அப்படியானால் ஆல்ப்-பி வகையை விட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆல்ப்-பி வகை உள்ள முட்டைகள் அப்படி வெகுநாள் காத்திருந்து பொரித்தால், அவற்றிலிருந்து வரும் பெண் கொசுக்களில் பல மலடாகிவிடுகின்றன என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கோடையில் காய்ந்துகிடந்த முட்டைகள் ஐப்பசி மழையில் ஒருசேரப் பொரிக்கும்போதுதான் டெங்குவும் தலைதூக்குகிறது. ஆக, வெயிலைத் தாங்கும் வகைக்கு வறட்சி பலவீனம்; வறட்சி அவ்வளவாகப் பாதிக்காத வகைக்கு வெயில் பலவீனம். ஆனால் நம் தெருக்களில் ஏடிஸ் கொசு மழையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்துவைக்கும் வீடுகளில் ஆண்டு முழுவதும் அது பெருகுகிறது. அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் வீட்டு நிழலில், குளிர்ந்த தண்ணீரோடு இருக்கின்றன. அந்த நிழல் தொட்டிகளில் வோல்பாச்சியா தப்பிப் பிழைத்து, மழைக்காலத்தில் ஊரெங்கும் மீண்டும் பரவுமா என்பதைத் தெருவில் விட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். ஆய்வுக்கூடத்து அலமாரியில் அதற்கு விடை கிடைக்காது.

குழந்தைகளுக்குத் தீங்கு வருமா என்பதற்கு வருகிறேன். வோல்பாச்சியா கொசுக்களுக்குப் பல காலம் தங்கள் கையை நீட்டி இரத்தம் ஊட்டிய ஆஸ்திரேலியத் தன்னார்வலர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, வோல்பாச்சியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் எதுவும் காணப்படவில்லை. கடி வழியாக அது நம் உடலுக்குள் வருவதில்லை என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் மனித உடலுக்குள் வோல்பாச்சியா ஒருபோதும் வந்ததே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் உடலுக்குள்ளும் அதற்கே உரிய ஒரு வோல்பாச்சியா வாழ்கிறது; அது இல்லாமல் அந்தப் புழுவால் குஞ்சு பொரிக்க முடியாது. மருந்து கொடுத்துப் புழு சாகும்போது வெளிவரும் இந்தப் பாக்டீரியாக்கள் சிலருக்குக் காய்ச்சலையும் வீக்கத்தையும் தூண்டுகின்றன. டாக்சிசைக்ளின் என்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லியைச் சில வாரங்கள் கொடுத்தால் அந்த வோல்பாச்சியா அழிந்து, புழு மலடாகி, மெல்லச் சாகிறது என்ற கண்டுபிடிப்பும் இதிலிருந்தே வந்தது. யானைக்கால் நோயால் தலைமுறை தலைமுறையாக அவதிப்பட்ட கடலூர், புதுச்சேரிப் பகுதிகளின் மருத்துவர்களுக்கு வோல்பாச்சியா என்பது புதிய பெயரல்ல. புழுவுக்குள் இருப்பதும் கொசுவுக்குள் ஏற்றுவதும் வெவ்வேறு வகைகள். ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

அறிவியலைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் தில்லியில் கொசுக்களின் மரபுவழிக் கட்டுப்பாடு குறித்து ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தின. 1975-இல் அரியானாவின் சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை விட எல்லாம் தயாராக இருந்த வேளையில், இது அந்நிய நாட்டின் உயிரியல் போர் ஆராய்ச்சி என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவிலும் எழுந்து, பணி முழுவதும் நின்றுபோனது. அறிவியல் தவறாக இருந்ததால் அது நிற்கவில்லை. யாருடைய தெருவில் விடப்போகிறார்களோ அவர்களுக்கு முன்கூட்டியே, முழுமையாகச் சொல்லாததால்தான் சந்தேகம் வளர இடம் கிடைத்தது என்று நான் கருதுகிறேன். யோக்யகர்த்தாவில் கொசு முட்டை வாளிகளை வீட்டுக்காரர்களே தங்கள் முற்றத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நிலைக்கு வருவதற்கு ஆய்வாளர்கள் தெருத்தெருவாகப் பல கூட்டங்கள் நடத்தினார்கள்.

நமக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. எனவே வோல்பாச்சியா தானாகப் பரவுவது மிக மெதுவாகவே நடக்கும். புதுச்சேரியின் நிலமோ ஒரே துண்டாக இல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களுக்கு இடையே கலந்துகிடக்கிறது. பாகூரில் விட்டு, எல்லைக்கு அப்பால் கடலூர்ப் பக்கம் விடாமல் இருந்தால் கணக்கு தப்பும். இரு அரசுகளின் சுகாதாரத் துறைகளும் ஒரே காலத்தில் இறங்க வேண்டிய வேலை இது. அதோடு, கொசுக்களை விடும் மாதங்களில் அதே தெருக்களில் புகை மருந்து அடிப்பதை நிறுத்தவும் வேண்டியிருக்கும். காய்ச்சல் வரும் நேரத்தில் அதை மக்கள் ஏற்றுக்கொள்வது எளிதல்ல.

இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது, வாரம் ஒரு முறை டிரம், தொட்டி, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றைக் காலிசெய்து, பக்கச்சுவரைத் தேய்த்துக் கழுவுவது. தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். ஒருநாள் உங்கள் தெருவுக்கு ஆய்வாளர்கள் வந்து ஒப்புதல் கேட்டால், மறுக்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த வகை வோல்பாச்சியாவை விடப்போகிறீர்கள், எத்தனை வாரங்களுக்கு விடுவீர்கள், கொசுக்கடி அதிகமாகத் தெரியும் அந்த வாரங்களில் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். விட்டு முடித்தபின் பொறிவைத்துப் பிடிக்கும் கொசுக்களில் எத்தனை விழுக்காட்டில் வோல்பாச்சியா இருக்கிறது என்பதை மே மாதக் கடைசியில் ஒருமுறையும், முதல் மழை விழுந்து மூன்று வாரம் கழித்து ஒருமுறையும் சோதித்து, அந்த இரண்டு கணக்குகளையும் வார்டு வாரியாக உங்களுக்குக் காட்டுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.